கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் கூட்டம் இல்லாத இடங்கள்: மூணு நாள், சாதாரண செடான், கூட வயசான அப்பா அம்மா

வேப்பம்பூ கேட்டது:

வணக்கம். பிப்ரவரி நடுவில் மூணு ராத்திரி பாம் டெசர்ட்டில் தங்குகிறோம். நாங்கள் ரெண்டு பேர், 9 வயசுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா (71), அம்மா (66). அப்பாவுக்கு முட்டி வலி. சமதரையில் ஒரு மைல் வரைக்கும் நடப்பார், ஏற்ற இறக்கம் முடியாது. பையனுக்கு ஏறிக் குதிக்க இடம் வேண்டும். வண்டி வாடகை செடான்.

டிராம், அவுட்லெட் கடைகள், டவுன்டவுன் எல்லாம் போன வருஷமே பார்த்தாச்சு. கோல்ஃப், ஸ்பா ரெண்டும் வேண்டாம். கொச்செல்லா பள்ளத்தாக்கைச் சுற்றி, கூட்டம் அதிகம் போகாத, ஆனால் போனால் வீண் இல்லை என்கிற இடங்கள் சொல்லுங்கள். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்கு மேற்கு வாசல் வழியாகப் போனால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும் என்கிறார்கள், வேறு வழி உண்டா? சால்டன் சீ (உப்பு ஏரி) பார்க்கத் தகுந்ததா, வெறும் நாற்றம்தானா? அம்மா அப்பா சுத்த சைவம்.

---

நெடுஞ்சாலை111:

முதலில் ஒன்று. இந்தப் பள்ளத்தாக்கைப் பட்டியல் போட்டுச் சுற்றினால் நாள் முழுக்க ஐ-10 சாலையில்தான் இருப்பீர்கள். வடமேற்கு ஓரத்திலிருந்து தென்கிழக்கு ஓரத்துக்கு 45 மைல். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தங்குவது நடுவில், அதனால் இது சுலபம். நான் கிழக்குப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ரிசார்ட் விளம்பரங்களில் வராத பக்கமும் அதுதான்.

காலை 8 மணிக்குள் கிளம்பி இண்டியோ தாண்டி மெக்கா ஊருக்குப் போங்கள். அங்கேயே பெட்ரோல் நிரப்புங்கள். தேசியப் பூங்காவுக்குள் எங்கேயும் பெட்ரோலும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. மெக்காவிலிருந்து அவென்யூ 66-இல் கிழக்கே போனால் கொச்செல்லா கால்வாய் வரும். கொலராடோ ஆற்றுத் தண்ணீர்தான் அதில் ஓடுகிறது. இந்தப் பேரீச்சந்தோப்பு, திராட்சை, குடைமிளகாய் எல்லாம் அதை நம்பித்தான். கால்வாயைத் தாண்டியதும் இடது பக்கம் மண்சாலை பிரியும், அது பெயின்டட் கேன்யன் ரோடு. நேராகப் போகும் தார்ச்சாலை பாக்ஸ் கேன்யன் ரோடு, பழைய நெடுஞ்சாலை 195.

பெயின்டட் கேன்யன் மண்சாலை 5 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. காய்ந்திருந்தால் செடான் போகும். ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் தார் போடாத சாலையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு செல்லாது, உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். இரண்டு, சாலையின் நடுப்பகுதி கெட்டி, ஓரம் பொடிமணல். எதிரே ஜீப் வருகிறதே என்று ஓரம் ஒதுங்குகிறவர்கள்தான் அங்கே புதைகிறார்கள். ஒதுங்க வேண்டியிருந்தால் கெட்டித் தரையிலேயே நின்றுகொள்ளுங்கள், ஜீப்காரர் சுற்றிக்கொண்டு போவார்.

புதைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுழலச் சுழல அச்சு வரைக்கும் இறங்கிவிடும். எல்லாரையும் இறக்கி, ஸ்டியரிங்கை நேராக்கி, இழுக்கும் சக்கரங்களுக்கு முன்னால் உள்ள மணலைக் கையால் வாரி, கால்மிதி விரிப்பை அங்கே சொருகுங்கள். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, மிக மெதுவாக எடுங்கள். அதே காற்றோடு ஹைவேயில் ஓட்டினால் டயர் சூடாகிக் கிழியும். அதனால் சிகரெட் சாக்கெட்டில் செருகும் சிறிய பம்ப் ஒன்று டிக்கியில் இல்லாமல் மண்சாலைப் பக்கமே போகாதீர்கள்.

அந்தச் சாலை முடியும் இடத்தில்தான் லேடர் கேன்யன். சுற்று 5 மைல் அளவில். தோள் உரசும் பிளவுக்குள் நுழைந்து, ஏணி மேல் ஏணியாக ஏறி, மேட்டு விளிம்பில் நடந்து, அகலமான பெயின்டட் கேன்யன் வழியாக இறங்குவது. பையனுக்குச் சொர்க்கம், அப்பாவுக்கு ஒரு அடிகூட ஆகாது. சான் ஆன்ட்ரியாஸ் என்ற நிலநடுக்கப் பிளவு அந்தக் குன்றுகளைப் பிசைந்து நிமிர்த்தியிருக்கிறது. படுத்திருக்க வேண்டிய அடுக்குகள் செங்குத்தாக நிற்கும். அருகில் போய்ப் பார்த்தால் சுவரில் உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும், விரல் பட்டாலே சில உதிரும். அதுதான் ஆபத்தும். மழைக்கும் பாறைச் சரிவுக்கும் பிறகு அந்தப் பாதையை மூடிவிடுவார்கள். கிளம்பும் வாரத்தில் பிஎல்எம் (அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை) அறிவிப்பைக் கட்டாயம் பாருங்கள், பழைய யூடியூப் வீடியோவை நம்ப வேண்டாம். மெக்கா ஹில்ஸ் என்னும் அந்தக் குன்றுகள் இப்போது சக்வாலா தேசிய நினைவகத்துக்குள் (நேஷனல் மான்யுமென்ட், அரசு பாதுகாக்கும் நிலம்) வருகின்றன. 2025 ஜனவரியில் அறிவித்தது, 6,24,000 ஏக்கர்.

ஐந்து பேரும் ஒன்றாகப் போவதானால் என் பரிந்துரை வேறு. மண்சாலையை விடுங்கள், தார்ச்சாலையிலேயே பாக்ஸ் கேன்யன் முழுக்க ஓட்டுங்கள். அதே மடிப்பு மலைகள், அதே நிறம், காரை விட்டு இறங்காமலே. அது வெள்ளம் வரும் ஓடையின் படுகையில் போட்ட சாலை, அதனால் தூரத்து மலையில் கருமேகம் தெரிந்தால் உள்ளே நுழையாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும்.

அந்தச் சாலை ஐ-10 ஹைவேயைத் தொடும் இடத்துக்கு எதிரேதான் ஜோஷுவா ட்ரீயின் தெற்கு வாசல். நீங்கள் கேட்ட "வேறு வழி" அதுதான். ஹைவேயிலிருந்து 7 மைலில் காட்டன்வுட் வருகையாளர் மையம், தண்ணீர், கழிப்பறை உண்டு. அங்கிருந்து ஒரு மைலில் காட்டன்வுட் ஸ்பிரிங், பனைகளும் காட்டன்வுட் மரங்களும் சேர்ந்த சின்னச் சோலை. நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அப்பா வரலாம். பையனும் நீங்களும் மாஸ்டடான் பீக் சுற்று, 3 மைல், கடைசியில் கொஞ்சம் பாறை ஏற்றம். உச்சியிலிருந்து சால்டன் சீ தெரியும்.

ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தெற்குப் பக்கம் ஜோஷுவா மரமே கிடையாது. அது தாழ்வான கொலராடோ பாலை. அந்த மரம் உயரமான மொஹாவிப் பாலையில்தான் வளரும். மரம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பூங்காவைக் குறுக்கே கடந்து வடக்கு வாசலில் வெளியேறலாம். நடுவில், காட்டன்வுட்டிலிருந்து 20 மைலில், சோயா (cholla) கள்ளித் தோட்டம். கால் மைல் சமதரைச் சுற்று, எல்லாரும் நடக்கலாம். மாலை 4 மணிக்கு மேல் சூரியன் சாயும்போது முட்கள் எல்லாம் உள்ளிருந்து எரிவது போலத் தெரியும். அந்த முள் லேசாக உரசினாலே கணு கணுவாகக் கழன்று ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஒட்டும். அகலப் பல் சீப்பு ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். கணுவுக்கும் தோலுக்கும் நடுவே சீப்பை நுழைத்து ஒரே சுண்டு, ஆட்கள் இல்லாத பக்கம் பார்த்து. மிச்ச முள்ளுக்கு ட்வீசர். மூடிய ஷூ அவசியம்.

நுழைவு ஒரு காருக்கு 30 டாலர், 7 நாள் செல்லும். வருடாந்திர பாஸ் இருந்தால் அதுவே போதும். உள்ளே போன் சிக்னல் வராது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

---

முட்செடி:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, சால்டன் சீ கரைல இருக்கற பாம்பே பீச் பத்தி யாரும் பேசலையேன்னு நானே எழுதறேன்.

சால்டன் சீ: பார்க்கத் தகும், ஆனா எதைப் பார்க்கப் போறோம்னு தெரிஞ்சு போகணும். 1905-ல கொலராடோ ஆத்துத் தண்ணி பாசனக் கால்வாய்க் கரையை உடைச்சுக்கிட்டு வந்து, ரெண்டு வருஷம் ஓடி ரொப்பின பள்ளம் அது. வெளிய போக வழி இல்லாததால உப்பு ஏறிக்கிட்டே போகுது, இப்ப கடலைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 50, 60-கள்ல அங்க படகுப் போட்டி, ஹோட்டல்னு பெரிய ரிசார்ட்டா இருந்துச்சு. அந்தக் காலத்து மிச்சம் பார்க்கணும்னா நார்த் ஷோர் யாட் கிளப் கட்டடம். ஆல்பர்ட் ஃப்ரே வடிவமைச்சது, 1959. கப்பல் மாதிரியே வட்ட ஜன்னல் வச்சிருப்பாரு. புதுப்பிச்சு இப்ப சமூகக் கூடமா வச்சிருக்காங்க. அப்பாவுக்கு நடையே இல்ல.

கரைல வெள்ளையாத் தெரியறது மணல் இல்ல. நத்தை ஓடு மாதிரி நொறுங்கின பார்னக்கிளும் மீன் முள்ளும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. தண்ணி ஓரமாப் போகப் போக மேல காஞ்ச பொருக்கு, கீழ சேறு. முழங்கால் வரைக்கும் இறங்கிடும், பையனைத் தனியா ஓட விடாதீங்க. காரைக் கரைமேல இறக்கவே கூடாது. தண்ணில இறங்கவும் வேண்டாம், நச்சுப் பாசி வருது. நாத்தம் வெயில் காலத்துலதான் மோசம், பிப்ரவரில காத்து அடிக்கிற திசையைப் பொறுத்துத் தாங்கலாம்.

பாம்பே பீச் அங்கிருந்து இன்னும் 20 மைலுக்குள்ள, கடல்மட்டத்துக்கு 223 அடி கீழ. பாழடைஞ்ச வீடு, கரைல நட்டு வச்ச கலைப் பொருள். ஃபோட்டோ எடுக்கறவங்களுக்குப் பிடிக்கும். ஊர்ல இன்னும் ஜனங்க குடியிருக்காங்க, இடிஞ்ச வீடுன்னு நெனச்சு உள்ள நுழையாதீங்க. என்னைக் கேட்டா ஊர்லேருந்து வந்த பெரியவங்களை அதுவரைக்கும் கூட்டிட்டுப் போக வேண்டாம். "இதைப் பார்க்கவா இவ்ளோ தூரம்?"னு கேப்பாங்க, பதில் சொல்றது கஷ்டம். நார்த் ஷோரோட திரும்பிடுங்க.

ஒருவேளை நைலண்ட் வரைக்கும் போய் லியனார்ட் நைட் கட்டின சால்வேஷன் மவுண்டன் பாக்கறதா இருந்தா, களிமண்ணும் வைக்கோலும் வச்சு மேல பெயின்ட் அடிச்ச மலை அது. மஞ்சளா வழி போட்ட இடத்துல மட்டும் ஏறணும், மத்த இடத்துல மிதிச்சா உடையும். முக்கியம்: திரும்பி வடக்கே வரும்போது 111-ல பார்டர் பேட்ரோல் சோதனைச் சாவடி இருக்கு. 86-லயும் சால்டன் சிட்டிக்குத் தெற்க ஒண்ணு. எச்1பி ஆனாலும் சரி, விசிட்டர் விசா ஆனாலும் சரி, 18 வயசுக்கு மேல உள்ளவங்க பதிவு ஆவணத்தைக் கைலயே வச்சிருக்கணும்னுதான் சட்டம். அப்பா அம்மாவோட பாஸ்போர்ட்டும் ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்த பதிவு) பிரின்ட்டும் கார்ல இருக்கட்டும், ஹோட்டல் லாக்கர்ல இல்ல. கிரீன் கார்டு இருந்தா கார்டு.

---

பிளவுக்கோடு:

வடக்குப் பக்கத்துக்கு நான். முட்டி வலிக்காரருக்கு உகந்த பக்கம் இதுதான்.

பள்ளத்தாக்கின் வடக்கு ஓரம் முழுக்க சான் ஆன்ட்ரியாஸ் பிளவின் கிளைகள் ஓடுகின்றன. பாறைகள் உரசி அரைத்த களிமண் நிலத்தடியில் ஒரு தடுப்புச் சுவராக நிற்கிறது. மலையிலிருந்து வடிந்து வரும் நிலத்தடி நீர் அதில் முட்டி மேலே கசிகிறது. சோலைகள் எல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான். வரைபடத்தில் சோலைகளைப் புள்ளி வைத்து இணைத்தால் பிளவையே வரைந்துவிடலாம்.

இதைக் கண்ணால் பார்க்கச் சிறந்த இடம் தௌசண்ட் பாம்ஸ் சோலை. பாம் டெசர்ட்டிலிருந்து அரை மணிக்குள். ராமோன் ரோட்டில் கிழக்கே போய் தௌசண்ட் பாம்ஸ் கேன்யன் ரோட்டில் இடதுபுறம் திரும்பி 2 மைல். கட்டணம் இல்லை. வாசலிலேயே தோப்பு தொடங்கிவிடும், பெரியவர்கள் அங்கேயே நிழலில் உட்காரலாம். உள்ளே மக்கால்லம் குளம் வரை போக ஒரு மைல், வர ஒரு மைல். சமதரைதான், ஆனால் நடுவில் பொடிமணல். அப்பாவுக்கு ஒரு மைல்தான் என்றால் பாதியில் திரும்பிவிடச் சொல்லுங்கள், மணலில் முட்டிக்கு வேலை அதிகம். கோடையில் மூடிவிடுவார்கள், பிப்ரவரியில் திறந்திருக்கும். வாசல் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

மரங்களைக் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்லுங்கள், ஊர்க்காரர்களுக்குச் சட்டெனப் பிடிக்கும். நம் பனை மாதிரியே விசிறி ஓலை. காய்ந்த ஓலை விழாமல் தண்டைச் சுற்றிப் பாவாடையாகத் தரைவரை தொங்கும். வெட்டாமல் விடுவதால் அதற்குள் ஆந்தை, வௌவால், ஓரியோல் குருவி எல்லாம் குடியிருக்கும். பச்சை ஓலையின் நுனிகளில் வெள்ளை நூல் பிரிந்து தொங்குவதைக் கவனியுங்கள். கலிஃபோர்னியாவில் இயற்கையாக வளரும் பனையினம் இது ஒன்றுதான். பாம் ஸ்பிரிங்ஸ் தெருவோரத்தில் ஒல்லியாக, உயரமாக நிற்பதில் பெரும்பாலானவை மெக்ஸிகோ வகை. இண்டியோ, தெர்மல் பக்கம் வரிசையாக நிற்பது பேரீச்சை. மூன்றும் மூன்று மரம்.

அடுத்தது பிக் மொராங்கோ கேன்யன், நெடுஞ்சாலை 62-இல், மொராங்கோ வேலி ஊருக்குள். அப்பாவுக்காகவே செய்து வைத்த மாதிரி: சதுப்பின் மேல் மரப்பலகைப் பாதை, சக்கர நாற்காலியே போகும். அரை மைல் சுற்று, உட்கார அங்கங்கே பெஞ்சு. பறவை பார்ப்பவர்கள் தேடி வரும் இடம். காலை 9 மணிக்குள் போனால்தான் பலன். செக்கச்செவேல் என்று ஒரு சின்னப் பறவை வேலிக்கம்பியிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்து அதே இடத்துக்குத் திரும்பினால் அது வெர்மிலியன் ஈப்பிடிப்பான். நாய்க்கு அனுமதி இல்லை. பாம் ஸ்பிரிங்ஸைவிட அங்கே உயரம் அதிகம், காலையில் ஸ்வெட்டர் வேண்டும்.

திரும்பும் வழியில் டெசர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸில் கேபட்ஸ் பியூப்லோ அருங்காட்சியகம். கேபட் யெர்க்ஸா என்பவர் 1913-இல் அங்கே குடியேறி, பிளவின் ஒரு பக்கம் தோண்டினால் வெந்நீர், மறுபக்கம் தோண்டினால் குளிர்ந்த நீர் என்று கண்டுபிடித்தார். பழைய மரம், தந்திக்கம்பம், கண்டெடுத்த ஜன்னல்களை வைத்தே 35 அறை வீடு கட்டினார். உள்ளே வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, படிகள் குறுகல், தலை இடிக்கும் வாசல்கள். அப்பா முற்றத்தோடு நின்றுகொள்ளட்டும். அந்த ஊர் வெந்நீர்க் குளம் வைத்த விடுதிகள் பலவற்றில் குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. ஸ்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், ஆனாலும் மனசு மாறினால் முதலில் அதைக் கேளுங்கள்.

வைட்வாட்டர் பிரிசர்வும் அருமையான இடம், ஆண்டு முழுக்க ஓடும் ஆறு, இலவசம். வெள்ளம் வந்தால் போகும் சாலையே அடித்துக்கொண்டு போய்விடும். திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் போங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் விஷயம் ஒன்று: காற்று. சான் கோர்கோனியோ கணவாயில் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. பலத்த காற்றோ மழையோ வந்தால் வைட்வாட்டர் ஓடையைக் கடக்கும் இடத்தில் இண்டியன் கேன்யன் டிரைவ், ஜீன் ஆட்ரி டிரெயில், விஸ்டா சீனோ மூன்றையும் மூடுவார்கள். ஜிபிஎஸ் அதே வழியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அப்போது டேட் பாம் டிரைவ் வழியாக ஐ-10 பிடியுங்கள். மணல் காற்றில் ஓட்டினால் கண்ணாடியில் பொடிப்பொடியாகக் கீறல் விழும். வாடகை வண்டி என்றால் எடுக்கும்போதே கண்ணாடியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

வேப்பம்பூ:

எல்லாருக்கும் நன்றி. அப்படியானால் ஒரு நாள் கிழக்கு, பாக்ஸ் கேன்யன் + காட்டன்வுட் + கள்ளித் தோட்டம். ஒரு நாள் வடக்கு. மூணாவது நாளுக்கு அன்ஸா பொரேகோ (பாலைவனப் பூங்கா) சரியா? இரும்பு டைனோசர் எல்லாம் இருக்கிறது என்று பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான். சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே!

---

பொரேகோ பக்கம்:

தாராளமாகப் போகலாம். பாம் டெசர்ட்டிலிருந்து நெடுஞ்சாலை 86-இல் தெற்கே சால்டன் சிட்டி, அங்கிருந்து எஸ்22-இல் மேற்கே பொரேகோ ஸ்பிரிங்ஸ். ஒன்றரை மணி நேரம். எஸ்22 நெடுக இருபுறமும் அரித்த மண்குன்றுகள், அந்த ஓட்டமே பாதிச் சுற்றுலா.

இரும்புச் சிலைகள் ஊரைச் சுற்றி கேலெட்டா மெடோஸ் என்ற தனியார் நிலத்தில் இருக்கின்றன. ரிக்கார்டோ பிரெசேடா செய்தவை, 130-க்கு மேல், வேலி இல்லை, கட்டணம் இல்லை. பெரியது பாம்பு உடல் கொண்ட டிராகன், 350 அடி, சாலைக்கு இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் வால். சிலைகளுக்கு அருகே போகும் மண்தடங்களில் செடானை இறக்காதீர்கள், மேலே சொன்ன புதைகிற கதைதான். தார்ச்சாலை ஓரத்தில் கெட்டித் தரை பார்த்து நிறுத்தி நடந்தால் பெரும்பாலானவை 200, 300 அடிக்குள் வந்துவிடும்.

ஃபான்ட்ஸ் பாயின்ட் என்று எல்லாரும் சொல்வார்கள். காட்சி அபாரம், ஆனால் எஸ்22-இலிருந்து 4 மைல் மணல் ஓடையில் போக வேண்டும். நான்கு சக்கர இழுவை இல்லாமல் முயற்சி வேண்டாம். செடான்காரர்களுக்கு மாற்று, நெடுஞ்சாலை 78-இலிருந்து பிரியும் ஸ்லாட் கேன்யன். கட்டணம் 10 டாலர், மண்சாலை 2 மைலுக்கும் குறைவு. பையனுக்கு மட்டும். இறங்குவது செங்குத்து, அப்பா காரில் இருக்க வேண்டியிருக்கும். அவரை வெயிலில் உட்கார வைத்துவிட்டுப் போவதைவிட ஸ்லாட்டை விட்டுவிட்டு ஊருக்குள் சிலைகளோடு முடித்துக்கொள்வது நல்லது.

காட்டுப்பூ: குளிர்கால மழை சரியாகப் பெய்த வருஷம் மட்டும், பிப்ரவரி கடைசி முதல் மார்ச் வரை. பூ இல்லாத வருஷமே அதிகம். பூ பூத்துவிட்டது என்று செய்தி வந்தால் அந்த வாரக் கடைசியில் ஊருக்குள் போகவே வேண்டாம், பெட்ரோல் பங்கிலும் கழிப்பறையிலும் நிற்கவே நேரம் சரியாகிவிடும். ராத்திரி வானத்துக்கும் பெயர் போன ஊர், 2009-லிருந்தே இருள்வான ஊர் என்று சான்று பெற்றது. அமாவாசையை ஒட்டிய நாளாக இருந்தால் இருட்டின பிறகு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். எஸ்22-இல் விளக்கு கிடையாது, வளைவுகள் உண்டு, நிதானம்.

---

முட்செடி:

சாப்பாடு. மெக்கா, கொச்செல்லா பக்கம் டாக்கரியா (மெக்ஸிகோ சாப்பாட்டுக் கடை) நிறைய, விலையும் ரிசார்ட் பக்கத்துல பாதி. ஆனா சுத்த சைவத்துக்குக் கேட்டுத்தான் வாங்கணும். மசிச்ச பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு போடறது வழக்கம். "சின் மான்டேகா"ன்னு கேளுங்க, கொழுப்பு இல்லாமன்னு புரிஞ்சுப்பாங்க. சிவப்பா வர்ற சாதத்தைப் பல கடைல கோழி வேகவச்ச தண்ணிலதான் சமைப்பாங்க, அதை விட்டுடுங்க. சோளத் தோர்ட்டியா, முழு பீன்ஸ், சீஸ், அவக்காடோ, நோபாலெஸ் (நம்ம சப்பாத்திக்கள்ளி மடல்தான், வெண்டைக்கா மாதிரி கொழகொழன்னு இருக்கும்) இருந்தா வேலை முடிஞ்சது. கிழக்கு நாளும் பொரேகோ நாளும் புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கிட்டே போயிடுங்க. ஹோட்டல்ல மைக்ரோவேவ் இருக்கான்னு முன்னாடியே கேளுங்க.

பேரீச்சம்பழம் வாங்காம வராதீங்க. அமெரிக்காவுல விளையறதுல பெரும்பகுதி இந்தப் பள்ளத்தாக்குதான். மெட்ஜூல் 1927-ல மொராக்கோலேருந்து 11 கன்னுதான் வந்துச்சு. அறுவடை செப்டம்பர்லேருந்து வருஷக் கடைசி வரைக்கும். பிப்ரவரில விக்கறது குளிர்கிடங்குச் சரக்கு, அதனால ருசி ஒண்ணும் குறையாது. மெட்ஜூல் எல்லா இடத்துலயும் கிடைக்கும், தெர்மல் பக்கம் தோட்டத்துக் கடைல பார்ஹி, ஹலாவி, ஸாஹிதி தனித்தனியா ருசி பாக்கக் குடுப்பாங்க. பார்ஹி அல்வா பதம், சக்கரை வியாதிக்காரங்களுக்கு ஸாஹிதி தித்திப்புக் கம்மிதான்னு கடைக்காரர் சொன்னாலும் நம்பிடாதீங்க, எல்லாமே சக்கரைதான்.

நீங்க போற சமயம் மகரந்தம் தூவற பருவம் ஆரம்பிக்கும். ஆண் மரத்துப் பாளையை வெட்டி, பொடியை எடுத்து, பெண் மரத்துல ஏறிப் பாளை பாளையாக் கையால தூவுவாங்க. இங்க காத்தை நம்பி விடறதில்ல. தோப்போரமா நிறுத்திப் பார்த்தா மரத்தண்டுலயே கட்டி வச்ச ஏணி தெரியும், அப்பாவுக்கு விவசாய ஆர்வம் இருந்தா இதுக்கே அரை மணி நேரம் நிப்பாரு. வேலை நடக்கற தோப்புக்குள்ள மட்டும் கேக்காம நுழையாதீங்க.

---

சிலிகான்வேலி சிவா:

இதே திட்டத்தை ஜூலையில் போட்டால் ஓடுமா? அறை வாடகை பாதிக்கும் கீழே காட்டுகிறது.

---

நெடுஞ்சாலை111:

ஓடாது. வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். 2024 ஜூலை 5 அன்று பாம் ஸ்பிரிங்ஸில் 124 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 51. அது உச்சம் என்றாலும், சாதாரண ஜூலைப் பகலே 108-ஐத் தொடும். தௌசண்ட் பாம்ஸ் மூடியிருக்கும். இண்டியன் கேன்யன்ஸ் வாரத்தில் மூன்று நாள்தான். மெக்கா ஹில்ஸில் கோடையில் நடப்பது தற்கொலைக்குச் சமம். பாறைச்சுவர் ராத்திரியிலும் சூடு விடும்.

ஜூலையில் போயே ஆக வேண்டுமானால் மேலே ஏறுங்கள். பாம் டெசர்ட்டிலிருந்தே கிளம்பும் நெடுஞ்சாலை 74 வளைந்து வளைந்து மலையேறும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலில் ஐடில்வைல்ட், 5,400 அடி, பைன் காடு. கீழே இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும். ஏறும்போது எஞ்சின் சூடு முள்ளைப் பாருங்கள். முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரைப் போடுங்கள், வேடிக்கையாக இருந்தாலும் வேலை செய்யும். இறங்கும்போது தாழ்ந்த கியர், பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், அது காரில் உட்கார்ந்து போனாலும் சேர்த்துத்தான்.

வேப்பம்பூ, உங்களுக்கும் ஒன்று: பிப்ரவரி நடுவில் பிரெசிடென்ட்ஸ் டே விடுமுறை வாரக் கடைசியும் மாடர்னிசம் வீக் என்ற கட்டடக்கலை விழாவும் ஒன்றாக விழும். அறையைச் செவ்வாய் முதல் வெள்ளி வரை மாற்ற முடிந்தால் வாடகையும் குறையும், கள்ளித் தோட்டத்தில் வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்கும். பையனோடு அரை நாள் மிச்சமிருந்தால் இண்டியன் கேன்யன்ஸில் ஆன்ட்ரியாஸ் கேன்யன், ஒரு மைல் சுற்று, ஓடையை ஒட்டியே. அகுவா கலியென்டே கவீயா பழங்குடியினரின் நிலம், நுழைவு அவர்களுக்குச் செலுத்துவது, பெரியவர்களுக்குத் தலைக்கு 12 டாலர் அளவில். பாறையில் அவர்கள் தானியம் இடித்த உரல்குழிகள் இன்னும் இருக்கின்றன. மாலை 4 மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள், 5 மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள்.